சும்மா தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தேன்

பூஜ்யம். சரியாகச் சொன்னால் பூஜ்யம்கூட இல்லை, கருவியின் பிழை அளவுக்குள் ஒளிந்துகொள்ளும் ஒரு சின்ன எண். ஆய்வு மாணவனாகச் சேர்ந்த இரண்டாம் வருடம், டைட்டானியா, அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு, மேல் 1 சதவீதம் பிளாட்டினம் ஏற்றி நான் செய்த வினையூக்கி எவ்வளவு ஹைட்ரஜனைப் பிடிக்கிறது என்று அளந்தபோது வந்த விடை அது. முந்தைய வாரம் அதே புட்டியிலிருந்து எடுத்த அதே தூள், அதே கருவி, அதே கை. அப்போது இரண்டு பிளாட்டினம் அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்ற கணக்கில் ஒழுங்காகத்தான் பிடித்தது.

என்ன மாறியது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அளப்பதற்கு முன் தூளை ஹைட்ரஜனில் சூடாக்கி, பிளாட்டினம் உப்பை உலோகமாக்க வேண்டும். நான் வழக்கமாக 200 டிகிரியில் செய்வேன். அன்றைக்கு உலையில் எனக்கு முன்னால் வேலை செய்தவர் போட்டுவைத்த அமைப்பை மாற்றாமலே பொத்தானை அழுத்திவிட்டேன், அது 500 டிகிரிக்குப் போய் இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறது. தப்பு என்னுடையது, ஒளிக்க ஒன்றும் இல்லை. சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சின்டர் ஆயிருக்கும்டா, தூக்கிப் போட்டுட்டு புதுசா பண்ணு" என்றார். சின்டர் ஆவது என்றால், சூட்டில் நுண்துகள்கள் நகர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துப் போவது. துகள் பருத்தால் மேற்பரப்பு குறையும், மேற்பரப்பு குறைந்தால் ஹைட்ரஜன் உட்கார இடம் குறையும். நியாயமான விளக்கம்தான். ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு ஏற்கெனவே முறை வாங்கிவைத்திருந்ததால், சரி பார்த்துவிடலாம் என்று அந்தத் தூளையும் கொண்டுபோனேன். படத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், எல்லாம் 2, 3 நானோமீட்டர். பருக்கவே இல்லை. உலோகம் இருக்கிறது, நுணுக்கமாகப் பரவி இருக்கிறது, ஆனால் ஹைட்ரஜன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம், தங்கம் எல்லாம் விலை உயர்ந்த சங்கதிகள். வினை நடப்பது மேற்பரப்பில் மட்டும், உள்ளே இருக்கும் அணுக்களுக்கு வேலை இல்லை. 20 நானோமீட்டர் துகளில் இருபதில் ஒரு அணுதான் வெளியே தெரியும், 2 நானோமீட்டருக்குக் குறைத்தால் ஏறக்குறைய பாதி அணுக்கள் வெளியே வந்துவிடும். அதனால் முடிந்தவரை பொடியாக வைத்துக்கொள்ளத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் வெறும் உலோகத்தை அப்படிப் பொடியாக வைத்துச் சூடாக்கினால் உடனே திரண்டுவிடும், ஆகவே ஏதாவது ஒரு ஆக்சைடு மேல் தூவி, ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி உட்காரவைக்கிறோம். காமா அலுமினா என்கிற அலுமினிய ஆக்சைடு ஒரு கிராம் எடுத்தால் அதன் துளைகளையும் சேர்த்த மேற்பரப்பு 200 சதுர மீட்டர் அளவுக்குப் போகும், நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. நான் பயன்படுத்திய டைட்டானியா ரகத்தில் கிராமுக்குக் கால் கிரவுண்டு தேறும். பாடப்புத்தகத்தில் இதற்குத் தாங்கி என்று பெயர், ஆய்வகத்தில் சப்போர்ட் என்போம். இரண்டு பெயருமே ஆளை ஏமாற்றுகிற பெயர்கள். அது ஏதோ வீட்டு மனை மாதிரி, நாம் கட்டுகிற வீட்டுக்கு அடியில் வாய் பேசாமல் கிடக்கும் என்ற எண்ணத்தை முதல் நாளே மனசில் விதைத்துவிடுகின்றன. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஈயச்சொம்பு ரசத்தின் ருசி எவர்சில்வரில் வராது என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவனுக்கு, பாத்திரம் வெறும் பாத்திரம் இல்லை என்பது அப்போது ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை.

நான் தப்பாக உலையை ஓட்டிக் கண்ட அதே விஷயத்தை எக்ஸான் நிறுவனத்தின் ஆய்வகத்தில் டாஸ்டர், ஃபங், கார்ட்டன் என்ற மூவர் ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்து 1978இல் வெளியிட்டுவிட்டார்கள். பிளாட்டினம் மட்டும் இல்லை, ருத்தேனியம், ரோடியம், பல்லேடியம், ஆஸ்மியம், இரிடியம் என்று அந்தக் குடும்பத்தின் ஆறு உலோகங்களையும் டைட்டானியா மேல் ஏற்றினார்கள். 200 டிகிரியில் ஹைட்ரஜன் கொடுத்தால் ஆறும் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்கின்றன. 500 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஆறும் கையை விரித்துவிடுகின்றன. துகள் பருக்கவில்லை. ஆக்சிஜனில் சூடாக்கி, மறுபடி தாழ்ந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் காட்டினால் பழைய குணம் திரும்பி வருகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் வலுவான உலோக–தாங்கி இடைவினை. முதலில் சொன்ன விளக்கம், உலோகத்துக்கும் டைட்டானியம் அயனிக்கும் நடுவே நேரடிப் பிணைப்பு உண்டாகிறது, எலக்ட்ரான் கைமாறுகிறது என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எண்பதுகளில் ஒவ்வொரு குழுவாக மேற்பரப்பைத் துருவிப் பார்த்தபோது கிடைத்த சித்திரம் இன்னும் விநோதமாக இருந்தது. ஹைட்ரஜனில் சூடாகும்போது டைட்டானியா தன் ஆக்சிஜனில் கொஞ்சத்தை இழக்கிறது, நான்கு நேர்மின் கொண்ட டைட்டானியம் மூன்றாக இறங்குகிறது, அந்தக் குறைபட்ட ஆக்சைடு கெட்டியாக ஓரிடத்தில் இருக்காமல் நகர ஆரம்பித்து, உலோகத் துகளின் பக்கவாட்டில் ஏறி அதன் தலைவரைக்கும் போர்த்திக்கொள்கிறது. ஒன்றிரண்டு அணு கனம்தான் இருக்கும், ஆனால் ஹைட்ரஜனை வெளியே நிறுத்த அது போதும்.

இது எல்லா ஆக்சைடும் செய்கிற வேலை இல்லை. அலுமினாவும் சிலிக்காவும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறவை, அந்த வெப்பத்தில் அவற்றிடமிருந்து ஒன்றும் பிடுங்க முடியாது. டைட்டானியா, சீரியா என்கிற சீரியம் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு போன்றவை ஆக்சிஜனைக் கொடுத்து வாங்கப் பழகியவை. இந்த ஒரு பிரிவினையை மனசில் வைத்துக்கொண்டால் இந்தத் துறையில் பாதி கட்டுரைகளை அச்சமில்லாமல் படிக்கலாம். மீதிப் பாதியில் அது காலை வாரும், அதை அப்புறம் சொல்கிறேன்.

அக்கா தூக்கிப் போடச் சொன்ன தூளை நான் போடவில்லை. பக்கத்து மேசையில் குரோட்டனால்டிஹைடு வேலை செய்துகொண்டிருந்த நண்பன், "அதை எங்கிட்ட குடு" என்று வாங்கிக்கொண்டான். அந்த மூலக்கூறில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உண்டு, ஒன்று கார்பனுக்கும் கார்பனுக்கும், இன்னொன்று கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவதை மட்டும் ஹைட்ரஜனேற்றிக் குரோட்டைல் ஆல்கஹால் எடுப்பது. சாதாரண பிளாட்டினத்துக்கு முதல் பிணைப்புதான் எளிது, அதை முடித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கும். 500 டிகிரியில் போர்வை போர்த்திய பிளாட்டினம்–டைட்டானியாவில் கணிசமாகக் குரோட்டைல் ஆல்கஹால் வருகிறது என்று வானிஸ், சென் இருவரும் 1989இலேயே காட்டியிருந்தார்கள். ஆக்சிஜன் குறைபட்ட டைட்டானியம் இடங்கள் போர்வையின் ஓரத்தில் இருக்கின்றன. மூலக்கூறின் ஆக்சிஜன் முனையை அவை பிடித்துக்கொள்ள, பக்கத்தில் கொஞ்சம் வெளியே தெரியும் பிளாட்டினம் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. இதே காரணத்தால்தான் கார்பன் மோனாக்சைடை ஹைட்ரஜனேற்றி மீத்தேன் ஆக்கும் வினையும் டைட்டானியா மேல் உள்ள உலோகத்தில் வேகமாக நடக்கிறது. அளந்து பார்த்தால் கார்பன் மோனாக்சைடை ஏறிட்டும் பார்க்காத தூள், வினை என்று வரும்போது சிலிக்கா மேல் உட்கார்ந்திருக்கும் பிளாட்டினத்தைத் தோற்கடிக்கிறது. பிடிக்கும் அளவைவைத்து வினையூக்கியின் தரத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அது நல்ல அடி.

ஓரம் என்று சொன்னேன் இல்லையா, அந்த ஓரத்தில்தான் கதையே இருக்கிறது.

கார்பன் மோனாக்சைடை எரித்துக் கார்பன் டை ஆக்சைடு ஆக்குவது பார்க்க ரொம்ப எளிய வினை. ஆனால் பிளாட்டினத்துக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் ஒட்டுதல் அதிகம். கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது மாதிரி, சூடு குறைவாக இருக்கும்போது அது எல்லா இருக்கையையும் வளைத்துப் போட்டுவிடுகிறது. ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாக உடைய வேண்டுமானால் அடுத்தடுத்து இரண்டு காலி இடம் வேண்டும். கிடைக்காது. கார்பன் மோனாக்சைடை அதிகமாகக் கொடுக்கக் கொடுக்க வினை வேகம் குறையும் விசித்திரம் இதனால்தான். காரை ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி அலகு சும்மா இருப்பதற்கும் இது ஒரு முக்கியமான காரணம். சூடு ஏறி, உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போக ஆரம்பித்தால்தான் வேலை நடக்கும். இப்போது அதே பிளாட்டினத்தைச் சீரியா மேல் வையுங்கள். உலோகமும் ஆக்சைடும் தொடுகிற கோட்டில், உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்குச் சீரியா தன் கைப்பணத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்துக் கொடுக்கிறது. கொடுத்த இடத்தில் ஒரு பள்ளம் விழும், அதைக் காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் நிரப்பும். இருக்கைக்குச் சண்டையே வேண்டாம். ஆக்சைடு தன் ஆக்சிஜனைக் கொடுத்துப் பிறகு நிரப்பிக்கொள்ளும் இந்தச் சுற்றை மார்ஸ், வான் கிரெவெலன் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் 1954இலேயே எழுதிவைத்தார்கள், அவர்கள் பெயரிலேயே அதை அழைக்கிறோம்.

இதெல்லாம் ஊகம்தானே என்று கேட்டால், கார்க்னெல்லோவும் கூட்டாளிகளும் 2013இல் செய்ததைச் சொல்வேன். நிக்கல், பல்லேடியம், பிளாட்டினம் மூன்றையும் ஒரே சீரான அளவில், வெவ்வேறு அளவுத் தொகுதிகளாகச் செய்து, ஒரு பங்கை அலுமினா மேலும் இன்னொரு பங்கைச் சீரியா மேலும் வைத்தார்கள். அலுமினாவில் துகள் அளவு எதையும் பெரிதாக மாற்றவில்லை. சீரியாவில் துகள் சிறுக்கச் சிறுக்க வேகம் ஏறியது, ஏறிய விதம் துகளின் சுற்றளவு ஓரத்தில் எத்தனை அணு இருக்கிறதோ அந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. அழகான சோதனை. நான் செய்திருக்கக்கூடாதா என்று பொறாமைப்படவைக்கும் ரகம்.

கார் என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலும் விற்கும் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி அலகு கட்டாயம் ஆனது. கூடவே ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது, ஈயம் இருந்தால் உலோகம் நஞ்சேறிச் செத்துவிடும். அந்த அலகுக்குள்ளே பீங்கான் தேன்கூடு, அதன் சுவரில் அலுமினாப் பூச்சு, அதில் பிளாட்டினக் குடும்பத்து உலோகங்கள். முதன்முதலில் வந்தவற்றைவிட இன்றைய அலகுகள் அதிக நாள் உழைப்பதற்குப் பெரிய காரணம் சீரியாவோடு சிர்க்கோனியா என்கிற சிர்க்கோனியம் ஆக்சைடைக் கலந்து செய்யும் ஆக்சைடு. எஞ்சினுக்குப் போகும் காற்றும் எரிபொருளும் 14.7க்கு 1 என்ற விகிதத்தைச் சுற்றி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் மிஞ்சும் நொடியில் இந்த ஆக்சைடு வாங்கி வைக்கும், பற்றாத நொடியில் திருப்பிக் கொடுக்கும். வெளிநாடுகளில் பிளாட்டினத்துக்கும் ரோடியத்துக்கும் ஆசைப்பட்டு ராத்திரியில் காருக்கு அடியில் படுத்து இந்த அலகை அறுத்துக்கொண்டு போகிற திருடர்கள் உண்டு. சீரியாவை யாரும் சட்டை செய்வதில்லை, பாவம்.

தாங்கி எப்போதும் நல்லதே செய்யும் என்றும் இல்லை. ரோடியத்தை அலுமினா மேல் வைத்து, ஆக்சிஜன் மிகுந்த வாயுவில் கடும் சூடு காட்டினால், ரோடியம் அலுமினாவுக்குள்ளேயே புகுந்து போய்விடும். திரும்ப வெளியே இழுப்பது பெரும்பாடு. அதனால் ரோடியத்துக்கு மட்டும் சிர்க்கோனியா சார்ந்த தனி அடுக்கு கொடுப்பது வழக்கமானது. ஒரே கூரைக்குக் கீழ் தனிக்குடித்தனம்.

தங்கத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. எதனோடும் ஒட்டாது, துருவேறாது, தலைமுறைகள் தாண்டியும் பளபளக்கும் என்பதற்காகத்தான் தங்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். வினையூக்கிக்காரர்களும் அதே காரணத்துக்காக அதை வெகுகாலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். ஓசாகாவில் அரசுத் தொழில் ஆய்வகத்தில் இருந்த மசடாகே ஹருடாவும் குழுவினரும் 1987இல் ஒரு கட்டுரை போட்டார்கள், இரும்பு ஆக்சைடு, கோபால்ட் ஆக்சைடு போன்றவற்றின் மேல் சில நானோமீட்டர் அளவில் தங்கத்தைப் பரப்பினால் மைனஸ் 70 டிகிரியிலேயே கார்பன் மோனாக்சைடு எரிகிறது என்று. மைனஸ் 70! பிளாட்டினம் அந்தக் குளிரில் கனவிலும் செய்யாது. இத்தனைக்கும் அவர்கள் செய்த புதுமை வேறு ஏதோ அரிய உலோகத்தைச் சேர்த்தது இல்லை, தங்க உப்பையும் இரும்பு உப்பையும் ஒரே கரைசலில் ஒன்றாக வீழ்படிவாக்கிப் பிறகு காற்றில் சுட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்பெல்லாம் ஆக்சைடைத் தங்கக் குளோரைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள், குளோரைடு ஒட்டிக்கொண்டே இருக்கும், சூட்டில் தங்கம் உருண்டு திரண்டு கொட்டைக் கொட்டையாக நிற்கும், வினை நடக்காது, தங்கம் மந்தம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். தங்கத்தைப் பொறுத்தவரை எதன் மேல் வைக்கிறோம் என்பதும் எப்படி வைக்கிறோம் என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள்.

ஏன் அப்படி என்பதில் அடிதடி இன்னும் ஓயவில்லை. குட்மேன் குழு 1998இல் டைட்டானியா மேல் இருந்த தங்கத்தைப் பார்த்து, சுமார் 3.5 நானோமீட்டர் அகலமும் இரண்டு அணு அடுக்கு உயரமும் உள்ள தீவுகள்தான் உச்சம் என்றது, துகளின் அளவையும் அதனால் மாறும் எலக்ட்ரான் குணத்தையும் முன்னால் வைத்தது. யேட்ஸ் குழு 2011இல் தங்கமும் டைட்டானியாவும் சந்திக்கும் ஓரத்தில்தான் ஆக்சிஜன் உடைகிறது என்று அகச்சிவப்பு ஒளியால் காட்டியது. போதாக்குறைக்கு, வாயுவில் துளி ஈரம் இருந்தால் வேகம் பல மடங்கு மாறுகிறது. காற்றில் ஈரம் கசியும் கடலோர ஊரில் உட்கார்ந்து இந்த வினையை அளந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும், மழைக்கால எண்ணும் கோடைகால எண்ணும் ஒத்தே வராது. நான் ஓரக் கட்சி, ஆனால் தேர்தலில் நிற்கிற அளவுக்கு இல்லை.

அந்தச் சண்டைக்கு நடுவில் 2003இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மரியா ஃப்ளிட்ஸானி-ஸ்டெஃபானோபோலஸ் குழு செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. சீரியா மேல் இருந்த தங்கத்தைச் சயனைடு கரைசலால் கழுவினார்கள். தங்கத்தைச் சயனைடு கரைக்கும் என்பது புதிது இல்லை, கோலார் தங்கவயலில் அப்படிக் கரைத்தெடுத்த மிச்சம் மலை மலையாக இன்னும் கிடக்கிறது. கழுவியதில் உலோகத் தங்கத் துகள்கள் போய்விட்டன, சீரியாவோடு பிணைந்துபோன அயனித் தங்கம் கொஞ்சம் மட்டும் மிஞ்சியது. கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் சேர்த்து ஹைட்ரஜன் எடுக்கும் வினையில் இதை வைத்துப் பார்த்தால், வேகம் அப்படியே இருக்கிறது! அவ்வளவு நாளும் நுண்ணோக்கியில் அழகழகாகத் தெரிந்த துகள்கள் அந்த வினையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவை என்பது அவர்கள் வாதம். இதை ஏற்காதவர்களும் இருந்தார்கள், வாதம் பல வருடம் நடந்தது. ஆனால் வேலை செய்யாததைக் கழுவித் தள்ளிவிட்டு மிச்சத்தைப் பார்ப்போம் என்ற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். 2016இல் அபய தாத்யேயின் குழு இன்னொரு வேடிக்கை காட்டியது. அலுமினா மேல் உள்ள பிளாட்டினத் தூளோடு சீரியாத் தூளைச் சும்மா கலந்து காற்றில் 800 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். அந்தச் சூட்டில் பிளாட்டினம் ஆக்சைடாகி ஆவியாகப் பறந்து, திரண்டு பருக்க வேண்டியது, வழியில் சீரியாவின் படிக்கட்டு விளிம்புகளில் ஒவ்வொரு அணுவாக மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சூடு கெடுக்கும் என்று பயந்துகொண்டிருந்தோம், இங்கே சூடுதான் பிரித்து வைக்கிறது.

காலை வாரும் பாதியைச் சொல்கிறேன் என்றேன். இவ்வளவையும் படித்தால் ஆக்சிஜனைக் கொடுத்து வாங்கும் ஆக்சைடுதான் உயர்ந்தது, அலுமினாவும் சிலிக்காவும் மட்டம் என்று தோன்றும். புரோப்பேனை எரித்துப் பாருங்கள். அங்கே பிளாட்டினம் உலோகமாகவே இருக்க வேண்டும், ஆக்சைடாக மாறினால் சோம்பிவிடும். மக்னீசியா மாதிரிக் காரக் குணம் உள்ள தாங்கி பிளாட்டினத்தை ஆக்சைடாகத் தூண்டிவிடுகிறது, அமிலக் குணம் உள்ள தாங்கி அதைத் தடுக்கிறது. அலுமினாவை அமிலமாக்கினால் வேகம் கூடுகிறது. கொடுக்கல் வாங்கல் கேள்வியே அங்கே பின்னால் போய்விட்டது. நல்ல சப்போர்ட் எது என்று கேட்டு வரும் ஜூனியர்களிடம் எந்த வினைக்கு என்று திருப்பிக் கேட்டு எரிச்சலூட்டுகிறேன், வேறு வழி இல்லை.

என் புட்டிக்கு வருகிறேன். நண்பன் போக மிச்சம் இருந்த தூளைக் காற்றில் நன்றாகச் சூடாக்கி, 200 டிகிரியில் மறுபடி ஹைட்ரஜன் காட்டி அளந்தேன். வந்தது. பழைய அளவு முழுசாக இல்லை, ஆனால் பெரும்பங்கு வந்தது. அக்கா எண்ணைப் பார்த்துவிட்டு, "சரிடா, தூக்கிப் போட வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஆய்வேட்டில் அதற்கு ஒரு படம் வரைந்தேன், பழுப்பு டைட்டானியா மேல் சாம்பல் நிறப் பிளாட்டினம் அரைக்கோளம், அதன் மேல் மெல்லிய பழுப்புப் போர்வை. தேர்வாளர்கள் பாராட்டினார்கள்.

சூரிச்சைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2022இல் பிளாட்டினம்–டைட்டானியாவை நுண்ணோக்கிக்குள்ளேயே வாயு விட்டு, சூடேற்றி, நேரில் பார்த்தார்கள். ஹைட்ரஜன் மட்டும் இருக்கும்போது போர்வை இருக்கிறது, சரி. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒன்றாக வந்து வினை நடக்க ஆரம்பித்ததும் போர்வை காணாமல் போகிறது, துகள் உருமாறுகிறது, டைட்டானியா மேல் ஊர்ந்து இடம்பெயர்கிறது. நான் வரைந்த படம் அடுப்பை அணைத்த பிறகு எடுத்த படம் மாதிரி. ஆய்வேட்டுப் பிரதி இன்னும் அலமாரியில் இருக்கிறது. போன மாதம் அதை எடுத்து, அந்தப் படத்துக்குக் கீழே பென்சிலால் 'ஹைட்ரஜன் மட்டும், 500 டிகிரி' என்று எழுதிவைத்தேன்.